ஆபீஸ் நகரும், வீடு நகராது

"ஆபீசுக்குப் பக்கத்திலேயே வீடு" என்ற மூன்று சொற்களைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தால் முழுப் பக்க விளம்பரம். ஐடி பார்க்குக்கு ஐந்து நிமிடம் என்கிறான் ஒரு பில்டர். அடுத்த பக்கத்தில் இன்னொருவன் மூன்று நிமிடம் என்கிறான். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர், "பையன் சிறுசேரியில ஃபிளாட் புக் பண்ணிட்டான் சார், ஆபீசுக்கு நடந்தே போயிடலாம்" என்கிறார். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பாயசம் ஆறுகிறதே என்று நானும் தலையை ஆட்டி வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். பந்தியில் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் கட்சி இதுதான். முதல் வீடு வாங்குகிறவர்கள் வேலை செய்யும் இடத்தை வைத்து ஏரியாவைத் தேர்ந்தெடுப்பது தப்பு. இருபது வருடம் தவணை கட்டித் தீர்க்க வேண்டிய தப்பு. ஆபீசுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றால் தாராளமாக வாடகைக்கு இருங்கள். சொந்தமாக வாங்குவதை மட்டும் ரயிலுக்குப் பக்கத்தில், மழைத் தண்ணீர் நிற்காத இடத்தில், பகலெல்லாம் அந்த வீட்டில் இருக்கப் போகிறவர்களைக் கேட்டு வாங்குங்கள்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். முப்பத்து நான்கு வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் கடைசிப் பதினொரு வருடம் வீட்டுக் கடன் மேசை. என் கையால் பரிந்துரைத்த கடன் விண்ணப்பங்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். வீடு வாங்கும்போது மக்கள் என்ன கேட்பார்கள், எதைக் கேட்க மறப்பார்கள் என்று ஓரளவு தெரியும்.

போன தீபாவளிக்கு வந்திருந்த என் தங்கை மகன் சிறுசேரியில் ஒரு ஃபிளாட் பார்த்திருப்பதாகச் சொன்னான்.

"மாமா, ஆபீசுக்குப் பத்தே நிமிஷம்."

"எந்த ஆபீசுக்குடா?"

"இப்ப இருக்கற ஆபீசுக்குத்தான்."

"இது உனக்கு எத்தனாவது ஆபீஸ்?"

விரல்விட்டு எண்ணினான். முதலில் அம்பத்தூர். அப்புறம் தரமணி. அதற்கப்புறம் சோழிங்கநல்லூர். இப்போது சிறுசேரி. பதின்மூன்று வருடத்தில் நான்கு ஆபீஸ்.

"அம்பத்தூர்ல இருந்தப்பவே அங்க ஒரு ஃபிளாட் வாங்கியிருந்தா?"

"அப்ப கையில காசு இல்ல மாமா."

"அதனாலதான் தப்பிச்ச."

சிரித்துவிட்டான். ஆனால் இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அம்பத்தூரிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் போய் வருவது என்றால் ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய் வருவது. அவனுக்கு வயது முப்பத்தைந்து. இன்னும் எத்தனை கம்பெனி மாறுவானோ, அந்தக் கம்பெனி எத்தனை கட்டடம் மாறுமோ. கடன் மட்டும் இருபது வருடம் மாறாது.

நம் காலத்தில் அப்படி இல்லை, ஒரே வேலையில் சேர்ந்து அதிலேயே ஓய்வு பெற்றோம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அரசு வேலைக்கும் வங்கி வேலைக்கும் அது சரி. மற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் குடியிருக்கும் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையால் வந்தது. இன்று குரோம்பேட்டையில் லட்சம் பேர் இருக்கிறார்கள், அதில் அந்தத் தோல் தொழிற்சாலையை நம்பி வீடு வாங்கியவர் என்று ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம். தொழிற்சாலை பெயரில் மட்டும் மிஞ்சிவிட்டது. ஊரை வாழ வைத்தது 1931-லிருந்து பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் ஓடும் மின்சார ரயில்.

பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் இருந்தது. அந்தக் காரில் போவதே ஒரு கௌரவம். 1980-களின் கடைசியில் மூடினார்கள். பெரம்பூர் பின்னி மில், மூன்று தலைமுறை அதன் சங்கொலிக்கு எழுந்து வேலைக்குப் போனது. 1996-ல் அதுவும் முடிந்தது. இதெல்லாம் பழங்கதை என்றால் புதுக்கதைக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுவட்டாரம் முழுக்க மனைப் பிரிவு போட்டு விற்றார்கள். காஞ்சிபுரத்துக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே கல் நடாத நிலம் இல்லை என்ற நிலை. 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. எட்டே வருடம். ஒரு வீட்டுக் கடனில் பாதிகூட இல்லை. மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலை? 2021-ல் அறிவித்தார்கள், 2022-ல் நிறுத்திவிட்டார்கள். மறுபடி வரப் போவதாகச் செய்தி வந்தது. நல்லது, வரட்டும். நடுவில் போன வருடங்களின் தவணையை யார் கட்டுவார்கள்?

2020 மார்ச்சை மறந்துவிட்டோமா? ஒரே வாரத்தில் எல்லா ஐடி ஆபீசும் பூட்டு. ஏறக்குறைய இரண்டு வருடம் ஆபீசே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆபீசுக்கு நடந்து போகலாம் என்பதற்காகச் சின்ன ஃபிளாட்டை அதிக விலைக்கு வாங்கியவர்கள், கணவன் ஹாலில், மனைவி படுக்கையறையில், குழந்தை ஆன்லைன் வகுப்புக்காக சமையலறையில் என்று தவித்ததை நாம்தானே பார்த்தோம். ஊரெல்லையில் கொஞ்சம் பெரிய வீடாக வாங்கியவன் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு வேலை செய்தான்.

வேலை போகும் வரும் என்பதைப் பிள்ளைகள் ஒப்புக்கொள்கிறார்கள். "அப்ப வித்துட்டு வேற வாங்கிக்கலாம்" என்று சுலபமாகச் சொல்கிறார்கள். வீடு என்ன மொபைல் போனா? கணக்கைப் பாருங்கள். 75 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட், அதில் 25 லட்சம் கையிலிருந்து, 50 லட்சம் கடன் என்று வையுங்கள். எட்டரை சதவீத வட்டி, இருபது வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 43,400 ரூபாய். கடைசியில் கட்டி முடிக்கும்போது 1 கோடியே 4 லட்சம். அது இருக்கட்டும், பலர் கவனிக்காதது வேறு ஒன்று. முதல் மாதம் கட்டும் 43,400-ல் வட்டி மட்டும் 35,400. அசலில் கழிவது எட்டாயிரம். ஐந்தாறு வருடத்தில் விற்றால் அதுவரை கட்டியதில் பெரும்பகுதி வட்டியாகப் போயிருக்கும். பிறகு இன்னொரு ஏரியாவில் ஒரு பழைய ஃபிளாட் வாங்கினால் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9. எழுபத்தைந்து லட்சத்துக்கு 6 லட்சத்து 75 ஆயிரம். அதற்கு மேல் புரோக்கர் கமிஷன், மரவேலை, பெயிண்ட், குழந்தைக்குப் புதுப் பள்ளிக்கூடத்தில் நன்கொடை. கம்பெனி மாறும்போதெல்லாம் இப்படிச் செய்ய யாரால் முடியும்? அதனால் யாரும் விற்பதில்லை. தூரத்து வீட்டிலிருந்து கொண்டு புது ஆபீசுக்கு இரண்டு மணி நேரம் போய் வருகிறார்கள். எந்தத் தொல்லைக்குப் பயந்து அங்கே வாங்கினார்களோ அதே தொல்லை, கடனோடு சேர்த்து.

இனி எனக்கு அதிகம் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஆபீசுக்குப் பக்கத்தில் வீடு வாங்குகிறவன் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டுக்கு வருகிறான். தூங்கும் நேரத்தைக் கழித்தால் விழித்த கண்ணோடு அந்த வீட்டில் அவன் இருப்பது நான்கைந்து மணி நேரம். அவன் மனைவியும் வேலைக்குப் போனால் அவளும் அப்படித்தான். அந்த வீட்டில் இருபத்து நான்கு மணி நேரமும் இருப்பது யார்? பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வரவழைக்கப்பட்ட பாட்டி. அவளோடு ஒட்டிக்கொண்டு வந்த தாத்தா. மூன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து வரும் குழந்தை. பிரசவத்துக்குப் பின் ஒரு வருடம் வேலையை விட்டு இருக்கும் மருமகள். வீட்டில் மிகக் குறைந்த நேரம் இருப்பவனின் வசதிக்காக ஏரியாவைத் தேர்ந்தெடுக்கிறோம். மிக அதிக நேரம் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. கணவர் மயிலாடுதுறைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். ஓய்வு பெற்றபின் அங்கிருந்த சொந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தை மகன் ஃபிளாட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஓஎம்ஆரில் பதினான்காவது மாடிக்குக் குடி வந்தார்கள். ஊரில் அவர் காலையில் நடந்துபோய் டீக்கடையில் இரண்டு பேப்பர் படித்துவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு, வழியில் நான்கு பழைய மாணவர்களின் வணக்கத்தையும் வாங்கிக்கொண்டு வருவார். இங்கே கேட்டிலிருந்து பெரிய சாலைக்கு ஒன்றரை கிலோமீட்டர். நடைபாதை கிடையாது, நிழல் கிடையாது, மினி பஸ்கூட உள்ளே வராது. கடை என்றால் வளாகத்துக்குள் இருக்கும் ஒரே கடை, அவன் வைத்ததுதான் விலை. பிரஷர் மாத்திரை தீர்ந்தால் மகன் மொபைலில் ஆர்டர் போட வேண்டும். டாக்டரிடம் போக வேண்டுமென்றால் மகன் மொபைலில் கார் கூப்பிட வேண்டும். "சார், ஆயுள் தண்டனைக் கைதிக்குக்கூட மனுப் போட்டா பரோல் உண்டு" என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

அந்த மகன் கெட்டவன் அல்ல. அப்பா அம்மாவைத் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறான். நீச்சல் குளம், ஜிம், பாதுகாவலர், எல்லாம் இருக்கிறது. ஃபிளாட் பார்க்கப் போன அன்று அவன் அளந்தது ஆபீஸ் கேட்டுக்கு எத்தனை நிமிடம் என்பதை மட்டும். தன் அப்பாவின் காலுக்கு எத்தனை நிமிடம் என்று அளக்கவில்லை.

எழுபது வயதுக் கால் தனியாகப் போய் வரக்கூடிய தூரத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? ஆவின் பூத், காய்கறிக் கடை, மருந்துக் கடை, ஒரு எம்பிபிஎஸ் டாக்டர், வங்கி, பஸ் நிறுத்தம், அவரவர் சாமி கும்பிட ஒரு இடம், உட்கார ஒரு பெஞ்ச். இவை இருந்தால் மனிதர்கள் தானாக இருப்பார்கள். பேச ஆள் கிடைக்கும். குரோம்பேட்டையிலும் நங்கநல்லூரிலும் மேற்கு மாம்பலத்திலும் நீச்சல் குளம் இல்லாத பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் எத்தனை பேர் எண்பது வயதிலும் பிள்ளைகள் துணையில்லாமல் நடமாடுகிறார்கள் பாருங்கள். அதற்குக் காரணம் உடம்பு மட்டுமல்ல, தெருவும்தான்.

அடுத்தது தண்ணீர். சென்னையில் தண்ணீர் இரண்டு விதமாகக் கொல்லும், வந்தும் கொல்லும், வராமலும் கொல்லும்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடியிலிருந்து ஆட்களைப் படகில் இறக்கினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி ஆகிய இடங்களில் தண்ணீர் வடியவே நாட்கள் ஆயின. கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, கீழே பார்த்தால் கார்கள் மிதக்கின்றன. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் என்ன செய்தார்கள்? கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். அந்தப் படம் எல்லார் மொபைலுக்கும் வந்தது, எல்லாரும் சிரித்தோம். எனக்கு அதில் ஒரு பாடம் தெரிந்தது. லட்சக்கணக்கில் கடன் வாங்கி வீடு வாங்கியவன் தன் காரை நம்பி நிறுத்த வீட்டை விடப் பாலத்தைத்தான் மேல் என்று நினைக்கிறான்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இன்று அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மிச்சம். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள், மகிழ்ச்சி. ஆனால் போனது போனதுதான். தென் சென்னையின் பல ஏரிகளின் உபரி நீர் வந்து தங்கிப் பிறகு மெதுவாகக் கடலுக்குப் போக இயற்கை வைத்த இடம் அது. அந்த இடத்தில் நாம் குப்பையைக் கொட்டினோம், சாலை போட்டோம், கட்டடம் கட்டினோம். மழை பெய்தால் தண்ணீர் தன் பழைய முகவரியைத் தேடிக்கொண்டு வருகிறது. வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்கிறோம். தண்ணீரைக் கேட்டால் என் வீட்டுக்குள் இவர்கள் வந்துவிட்டார்கள் என்று சொல்லும்.

இது புது வழக்கமும் அல்ல. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு உண்டு. ஏரியைத் தேடிப் பாருங்கள், வியூ என்ன, சொட்டுத் தண்ணீர்கூடக் கிடைக்காது. அந்தக் காலத்து நீண்ட ஏரியின் மேல்தான் தியாகராய நகர் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். முந்தைய தலைமுறை செய்ததைப் பார்த்துத்தான் இந்தத் தலைமுறை இன்னும் பெரிதாகச் செய்கிறது.

ரயில் பக்கமெல்லாம் மேடு என்று நான் சொல்லவில்லை. சிட்லப்பாக்கம் எங்கள் பக்கத்து ஊர், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். 2015-ல் அங்கேயும் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்தது. ஆகவே ரயில் இருந்தால் போதாது, தரையும் பார்க்க வேண்டும்.

வராத தண்ணீரின் கதை 2019. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகள் சில, தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று ஊழியர்களிடம் சொல்லும் அளவுக்குப் போனது. ஆபீசுக்குப் பக்கத்தில் வீடு வாங்கியவன் வீட்டுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? இரண்டுக்கும் ஒரே டேங்கர் லாரிதான். அந்தப் பக்கத்தில் பல வளாகங்கள் இன்றும் மெட்ரோ குழாய் இல்லாமல் லாரியை நம்பித்தான் ஓடுகின்றன. பராமரிப்புக் கட்டணம் என்று மாதாமாதம் வாங்குவதில் லாரித் தண்ணீர் எவ்வளவு என்று வாங்கும் முன்னால் கேட்பவர் நூற்றில் ஒருவர்.

"பாங்க்ல லோன் குடுத்துட்டாங்களே, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நான்தான் சரியான ஆள். வங்கி என்ன பார்க்கும்? மூலப் பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அனுமதி, வக்கீல் அபிப்பிராயம், மதிப்பீட்டாளர் அறிக்கை, வாங்குபவரின் சம்பளச் சீட்டு. கடன் திரும்பி வருமா என்பதுதான் வங்கியின் கேள்வி. நீங்கள் அங்கே வாழ முடியுமா என்பது வங்கியின் கேள்வி அல்ல. நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் 'மழைக் காலத்தில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்?' என்று ஒரு கட்டம் இருந்ததில்லை. அனுமதி கொடுக்கும் அலுவலகம் சட்டத்தைப் பார்க்கும், வங்கி பத்திரத்தைப் பார்க்கும், தரையை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இனி எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். என் தங்கை மகன் சும்மா விடவில்லை. "மாமா, நீங்க மின்சார ரயில்ல தொங்கிக்கிட்டுப் போனீங்க. சின்ன வயசுல உங்க புள்ளைங்க உங்கள ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பாத்திருப்பாங்க. நானும் அப்படி இருக்கணுமா?" என்றான். பதில் சொல்ல முடியாத கேள்வி. தினமும் போக்குவரத்தில் மூன்று மணி நேரம் போவது வாழ்க்கை அல்ல. அதிலும் இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்களுக்கு ஆபீஸ் பக்கத்தில் இருப்பது வசதி மட்டுமல்ல, பாதுகாப்பு. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

அதனால்தான் வாடகை என்கிறேன். பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு வாங்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. மேலே சொன்ன அதே 75 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு நான் விசாரித்த வரையில் இருபது, இருபத்திரண்டாயிரம்தான் வாடகை. 43,400 தவணைக்குப் பதில் 22,000 வாடகை கொடுத்தால் மாதம் 21,000 மிச்சம். அதைச் சேர்த்து வைத்தால் நாளைக்கு நல்ல இடத்தில் வாங்கும்போது கடன் குறையும். ஆபீஸ் மாறினால் இரண்டு மாத நோட்டீஸ், ஒரு மினி லாரி, முடிந்தது வேலை.

"வாடகை தண்டம்" என்பது நம் தலைமுறை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த மந்திரம். வாடகை தண்டம் என்றால் முதல் மாதம் கட்டும் 35,400 வட்டி என்ன, தர்மமா? சொந்த வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயதான காலத்தில் யாரும் காலி பண்ணச் சொல்லாத ஒரு கூரை வேண்டும். அந்தக் கூரை எங்கே என்பதை முப்பத்தைந்து வயதில் இருக்கும் ஆபீஸ் தீர்மானிக்கக் கூடாது.

ரயிலுக்குப் பக்கத்தில் ஏன் என்றால், ஆபீஸ் எங்கே போனாலும் ரயில் ஏதோ ஒரு வழியில் அதன் அருகே கொண்டுபோய் விடும். கிண்டியில் இறங்கி மெட்ரோ மாறலாம், எழும்பூரில் இறங்கி பஸ் பிடிக்கலாம். பத்து ஆபீஸ் மாறினாலும் வீடு மாற வேண்டாம். ஆனால் ஓடும் ரயிலைப் பார்த்து வாங்குங்கள், வரப்போகும் ரயிலைப் பார்த்து வாங்காதீர்கள். வேளச்சேரி வரை பறக்கும் ரயில் 2007-ல் வந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலை வரை வெறும் ஐந்து கிலோமீட்டர். கடைசி அரை கிலோமீட்டர் நிலச் சிக்கலில் பத்து வருடத்துக்கு மேல் தூண்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. அதை நம்பி நங்கநல்லூர் ஓரத்தில் வீடு வாங்கியபோது கைக்குழந்தையாக இருந்தது காலேஜுக்குப் போய்விட்டது. பில்டர் விளம்பரத்தில் கோடு போட்டுக் காட்டும் மெட்ரோ வரும், சந்தேகமில்லை. எப்போது என்று கேட்டு எழுதி வாங்குங்கள் பார்க்கலாம்.

இதைப் படிப்பவர்களில் பெரும்பாலானோர் என் வயதுக்காரர்கள். வீடு வாங்கப் போவது நாம் அல்லவே, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். அந்த 25 லட்சம் முன்பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் பி.எஃப்., கிராஜுவிட்டி, ஊரில் விற்ற பூர்வீக வீடு. பணம் நம்முடையது, நாளைக்கு அந்த வீட்டில் பகலெல்லாம் உட்காரப் போவதும் நாம். இரண்டு பக்கமும் நாம் இருக்க, "நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்ற ஒரு வார்த்தைக்கு வாயை மூடிக்கொள்கிறோம். சண்டை வேண்டாம் என்று செக்கில் கையெழுத்துப் போடுகிறோம். அது பாசம் இல்லை, பயம்.

கையெழுத்துப் போடும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, கார்த்திகை மாதத்தில் நல்ல மழை பெய்த மறுநாள் அந்தத் தெருவுக்குப் போங்கள். பில்டர் ஆளைக் கூப்பிடாமல் போங்கள். இஸ்திரி போடுகிறவர், டீக்கடைக்காரர், பழைய ஓட்டு வீட்டுப் பாட்டி, இவர்களிடம் 2015-ல் எதுவரை தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள். பழைய வீடுகளின் வாசல் தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு, மே மாதத்தில் ஒருமுறை போங்கள். காலை ஆறு மணிக்கு எத்தனை டேங்கர் லாரி வரிசையில் நிற்கிறது என்று எண்ணுங்கள். மூன்று, ஃபிளாட் வாசலிலிருந்து உங்கள் காலால், உங்கள் வேகத்தில், யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் மருந்துக் கடை வரைக்கும் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து பாருங்கள். நடக்க முடிந்தால் செக் கொடுங்கள். முடியாவிட்டால் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். நல்ல ஃபிளாட் கை நழுவிப் போய்விட்டது என்று ஒரு வாரம் பேசாமல்கூட இருப்பார்கள். இருக்கட்டும். ஒரு வாரம் பேசாமல் இருப்பதைத் தாங்கிக்கொள்ளலாம். பதினான்காவது மாடியில் பேச ஆளில்லாமல் இருபது வருடம் இருப்பதைத் தாங்க முடியாது.